நீதிமான் என்பவர் யார்?

நீதி என்றதும் நம் நினைவுக்கு வருபவன் மனுநீதிச் சோழன். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னன் அவன். செயலுக்கு ஏற்ற தீர்ப்பே நீதி என்பது நமக்குப் பழகிய பொருள். தமிழ் விவிலியத்தில் வரும் 'நீதிமான்' என்ற சொல்லையும் இப்பொருளில் மட்டும் படித்தால், கிறிஸ்தவத்தின் மையக் கருத்து நமக்குப் பிடிபடாமல் போய்விடும்.

பவுல், பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் தம் தகுதிகளை அடுக்குகிறார்: பென்யமீன் குலப் பிறப்பு, பரிசேயர் என்ற நிலை, திருச்சட்டப்படி குறைகாண இயலாத ஒழுக்கம். பின்னர் அவை அனைத்தையும் நட்டக் கணக்கில் எழுதிவிடுகிறார். தாமே சேர்த்த நீதி வேண்டா, விசுவாசத்தின் வழியாகக் கடவுள் தரும் நீதியே வேண்டும் என்கிறார். மதிப்பெண்களாலும் சான்றிதழ்களாலும் தம்மை அளந்து பழகிய மாணவர்களாகிய நமக்கு இது புதிய கணக்கு!

அந்த நீதியோடு பவுல் சேர்த்துச் சொல்வது கிறிஸ்துவை 'அறிதல்'. "அவரைப் பற்றித் தெரியும்" என்பதற்கும் "அவரைத் தெரியும்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முன்னது செய்தி; பின்னது உறவு. கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்று கூறுவது இந்த உறவில் வைக்கும் நம்பிக்கையையே.

இக்கருத்தைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900). நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை அவன் முயற்சியால் இறங்குவதில்லை. சிலுவையின் முன்னே தானாகக் கழன்று விழுகிறது.

அப்படியானால் நல்லொழுக்கம் தேவையில்லையா? தேவையே. செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் கடிதம் எச்சரிக்கிறது. நற்செயல், கடவுளின் ஏற்புக்குக் கொடுக்கும் விலையன்று; அந்த ஏற்பிலிருந்து விளையும் கனி என்பதே விளக்கம்.

லிட்டில் இந்தியாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் நடந்து பார்த்தால், ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம், ஓஃபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட கத்தோலிக்க லூர்து அன்னை ஆலயம் ஆகியவற்றைக் காணலாம். நீதிமானாவது எவ்வாறு என்ற வினா 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்தது. 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் இதன் அடிப்படைகளில் உடன்பாடு கண்டு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். 2006இல் மெதடிஸ்டுகள் இணைந்தனர்; 2016இல் ஆங்கிலிக்கன் சபையினரும் அதன் சாரத்தை ஏற்றனர்.

நம் சமயம் எதுவாயினும், இக்கருத்து எழுப்பும் வினா நமக்கும் உரியதே. மனிதனின் மதிப்பு அவன் ஈட்டுவதா, அருளால் பெறுவதா? அருள் என்ற சொல் தமிழருக்குப் புதிதன்று. மனுநீதிச் சோழன் கதையும் தேர்க்காலோடு முடிவதில்லை. இறையருளால் கன்றும் மகனும் உயிர்பெற்று எழுவதில்தான் முடிகிறது.