ஊர்ப் பெயர்களில் ஒரு வேளாண்மை வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் ஏடும் மட்டுமே துணை என்பதில்லை. விவசாயக் கிராமங்களில் மக்கள் நாள்தோறும் வழங்கும் பெயர்களும் சொற்களுமே பெரும் சான்றுகளாகும். கல்முனையிலிருந்து சொறிக்கல்முனைக்குச் செல்லும் பாதையை இதற்கு உதாரணமாகக் கொள்வோம்.

'முனை' என்பது நீரை நோக்கி நீண்டு நிற்கும் நிலம். 'சொறிக்கல்' என்பது துளைகள் நிறைந்த சிவந்த கல். இடையிலுள்ள கிட்டங்கியின் பெயருக்குப் பண்டகசாலை என்பது பொருள். மாரி வெள்ளத்தில் இப்பாதை நீரில் மூழ்குவதை நாம் அறிவோம். அயலூரான சம்மாந்துறை, 'சம்பான்' என்னும் ஓடங்கள் தரித்த துறை என்பர். நாவிதன்வெளியிலுள்ள 'வெளி' வயற்பரப்பைச் சுட்டுகின்றது. நீரும் நெல்லும் இம்மக்களின் வாழ்வோடு பிணைந்திருந்தமையை இப்பெயர்கள் காட்டுகின்றன.

அடுத்த காலத்தை 'கொலனி' என்னும் சொல் கூறுகின்றது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு சேனநாயக்க சமுத்திரம் உருவானது. வாய்க்கால்கள் வந்தன, காடுகள் வயல்களாயின, இலக்கமிட்ட கொலனிகள் தோன்றின. மாரி மழையை நம்பிய பெரும்போகத்துடன், குளத்து நீரால் சிறுபோகமும் பரவலாயிற்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது.

வயலுக்குள்ளும் ஒரு சொல்லுலகம் உண்டு. பிற இடங்களில் 'வேளாண்மை' என்றால் விவசாயத் தொழில். நமக்கோ அது வயலில் நிற்கும் நெற்பயிர். வயல்கள் சேர்ந்த பரப்பு 'வட்டை'. அதன் நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர் 'வட்டவிதானை'. நிலவுடைமையாளர் 'போடியார்'. வெட்டிய கதிர்களை அடுக்குவது 'சூடு'; அதை மிதிக்கும் களம் 'களவெட்டி'. அங்கே நெல்லுக்குப் பெயர் 'பொலி'. காணியின் பரப்பைக்கூட ஏக்கரில் அன்றி, விதைக்கத் தேவையான நெல்லின் அளவாகிய அவணத்தால் கூறினர்.

இச்சொற்கள் ஓரினத்தவருக்கு மட்டும் உரியவையல்ல. திருச்சிலுவைத் தேவாலயத்தைக் கொண்ட சொறிக்கல்முனைக் கத்தோலிக்கரும், சம்மாந்துறை முஸ்லிம்களும், வீரமுனை இந்துக்களும் இவற்றைப் பொதுவில் ஆண்டனர். போர்க்காலம் பலரை வயலிலிருந்து விலக்கியது. ஆயினும் மொழி பொதுவாகவே இருந்தது.

இன்று அறுவடை இயந்திரம் வெட்டையும் சூடடிப்பையும் ஒன்றாக முடித்துவிடுகின்றது. உடல் வருத்தம் குறைந்தது நன்மையே. ஆனால் களவெட்டி மறையும்போது அதன் சொற்களும் மறைகின்றன. சுளகால் புடைத்து, நெல் அவித்து, உரலில் குற்றிய பெண்களின் சொற்களோ இன்னும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளன.

எனவே மாணவிகளே, இவ்விடுமுறையில் மூத்தவாப்பாவிடமும் மூத்தம்மாவிடமும் அமர்ந்து, பத்து வயற்சொற்களையேனும் பொருளோடு எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரும் இதற்கு உதவுவார்களாக. சொன்னவர் ஊரையும், அச்சொல் வழங்கிய வேலையையும் சேர்த்தெழுதினால், அதுவே நாளைய வரலாற்றுக்கு ஆவணமாகும்.