வோல்ட்டைக் குறைத்தால் கமகம் வரும்

மாடுலர் சிந்தசைசர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த ஆஸிலேட்டர் நல்லது என்பதைத்தான். அடுத்து, எந்த ஃபில்டர். அட்டெனுவேட்டரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாதுதான், அது சத்தமே போடாத பெட்டி. உள்ளே வரும் மின்னழுத்தத்தைக் குறைத்து வெளியே அனுப்பும், அவ்வளவே. ஆனால் சென்னையில் என் வீட்டு மாடியறையில் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: சத்தம் போடும் மாட்யூல் ஒன்று வாங்கினால், குறைக்கும் மாட்யூல் ஒன்றாவது கூடவே வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். இன்று மாடுலர் என்றாலே பெரும்பாலும் யூரோராக்தான். ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் கொண்டுவந்த அளவுமுறை அது. சுருதிக்கு ராபர்ட் மூக் 1960களில் கையாண்ட வழக்கத்தையே அது பின்பற்றுகிறது: ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். அப்படியென்றால் ஒரு அரைச்சுரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். மறுபக்கம், எல்எஃப்ஓ எனும் மெதுவான அலையைத் தரும் மாட்யூல் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை, ஆக 10 வோல்ட் ஊசலாடுவது சர்வசாதாரணம். அதை நேரே ஆஸிலேட்டரின் சுருதித் துளையில் செருகினால் பத்து ஸ்தாயி ஏறி இறங்கும். முதல் வாரம் எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருக்கும். பலருடைய மாடுலர் இசை அந்த முதல் வாரத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு.

அரைச்சுர அகலத்துக்கு மட்டும் அசைவு வேண்டுமென்றால் அந்த 10 வோல்ட்டை 120 மடங்கு சுருக்க வேண்டும். அட்டெனுவேட்டரின் குமிழ் மொத்தம் 300 டிகிரி சுற்றும் என்று வைத்துக்கொண்டால், நமக்கு வேண்டியது முதல் இரண்டரை டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. விரல் பட்டாலே தாண்டிவிடும். இதற்கு நான் செய்வது, இரண்டு அட்டெனுவேட்டரை வரிசையாக இணைப்பது. ஒவ்வொன்றும் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் கிட்டத்தட்ட 120 வந்துவிடும். முதல் குமிழை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம். இரண்டாவது குமிழில் கைக்கு அடங்கும் அளவுக்கு இடம் கிடைக்கும்.

சுருக்கியதும் கமகம் வந்துவிடுமா என்றால், வராது. வீணை கற்றுக்கொடுக்கும் என் பெரியம்மா அந்தக் கட்டத்தில் கேட்டுவிட்டு, "என்னடா, ஆடு கத்துற மாதிரி இருக்கு?" என்றார். சரியான விமர்சனம். எல்எஃப்ஓ சுரம் தொடங்கிய கணத்திலிருந்து முடியும்வரை ஒரே அகலம், ஒரே வேகம். அதுவும் சுரத்துக்கு மேலேயும் கீழேயும் சமமாக ஆடும். வீணையில் மீட்டிய பிறகு தந்தியை இழுக்கிறார்கள். இழுத்தால் சுருதி மேலேதான் போகும். போன இடத்தில் ஒரு நொடிப்பொழுது நின்றுவிட்டுத்தான் திரும்பும்.

இந்த மூன்றையும் மின்னழுத்தத்தில் செய்யலாம். ஆட்டம் தாமதமாகத் தொடங்க, எல்எஃப்ஓவுக்கும் ஆஸிலேட்டருக்கும் நடுவில் ஒரு விசிஏ (மின்னழுத்தத்தால் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி) வைத்து, அதை மெதுவாக ஏறும் ஒரு என்வலப்பால் திறக்க வேண்டும். ஏற்றத்துக்கு அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக விட்டால் போதும். மேலே மட்டும் ஆட, பூஜ்யத்துக்குக் கீழே இறங்காத அலையை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஆஃப்செட் கொடுத்து உயர்த்த வேண்டும். நின்று திரும்ப, வளைந்த சைன் அலையை விட்டுவிட்டுச் சதுர அலையை எடுத்து ஸ்லூ லிமிட்டர் வழியாக அனுப்பினால் ஓரங்கள் சாய்ந்து, உச்சியில் சமதளம் மிஞ்சும். அந்தச் சமதளம்தான் காதுக்குக் கமகமாகக் கேட்கிறது. விசிஏ வாங்கும்போது அது நேர்மின்னழுத்தத்தை (டிசி) கடத்துமா என்று பார்த்து வாங்குங்கள். ஒலிக்கென்றே செய்த சில விசிஏக்கள் மெதுவான அலையை உள்ளே விடாது.

1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் பதிவுசெய்த, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தட்டை இந்தக் காதோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதில் அவர் பயன்படுத்திய ரோலண்ட் டிபி 303இல் சுரத்துக்குச் சுரம் வழுக்கல் உண்டா இல்லையா என்று மட்டும்தான் சொல்ல முடியும், வழுக்கும் நேரத்தை மாற்ற முடியாது. அந்த ஒரே வசதியை எந்தச் சுரத்தில் வைப்பது, எதில் விடுவது என்று அவர் தேர்ந்த விதத்திலும் ராகத்தின் சாயல் இருக்கிறது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையை இவர்தான் முன்னமே கண்டுபிடித்தாரா என்ற வழக்கமான விவாதத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

சுருதி விஷயத்தில் குவாண்டைசரை நம்பாதீர்கள். உள்ளே வரும் வோல்ட்டைப் பியானோவின் பன்னிரண்டு சமபங்குகளில் ஒன்றுக்குத் தள்ளிவிடுவதுதான் அதன் வழக்கமான வேலை. பஞ்சமத்தில் தூய சுருதிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியவே தெரியாது. அந்தர காந்தாரத்தில் நன்றாகத் தெரியும். 130.8 ஹெர்ட்ஸில், அதாவது ஒரு கட்டையில், சட்ஜமத்தை ரீங்காரமாக விட்டால் அதன் ஐந்தாவது மேற்சுரம் 654 ஹெர்ட்ஸ். குவாண்டைசர் தரும் மேல் ஸ்தாயி காந்தாரத்தின் இரண்டாவது மேற்சுரம் 659. நொடிக்கு ஐந்து முறை இரண்டும் மோதும். காந்தாரத்தை வெறும் 11 மில்லிவோல்ட் இறக்கினால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். எனவே ராகம் சார்ந்து எதையாவது செய்யும்போது நான் குவாண்டைசரைக் கழற்றிவிட்டு, ரீங்காரத்தை ஓடவிட்டு, சுரங்களை வரிசையாக வாசிக்கும் சீக்வென்சரின் ஒவ்வொரு குமிழையும் காதாலேயே சேர்த்துக்கொள்கிறேன். நேரம் பிடிக்கும் வேலைதான். தம்பூரா சேர்க்கவும் நேரம் பிடிக்கத்தானே செய்கிறது.

நாம் கேட்காமலே வோல்ட் குறைந்துபோகும் இடம் ஒன்றும் உண்டு. சீக்வென்சரின் சுருதி வோல்ட்டைச் சாதாரண மல்டிபிள் வழியாக இரண்டு ஆஸிலேட்டருக்குப் பிரித்தால், வெளியீட்டில் ஒரு கிலோஓமும் உள்ளீடு ஒவ்வொன்றிலும் 100 கிலோஓமும் இருக்கும் பட்சத்தில், இரண்டு சதவீதம் காணாமல் போகும். மூன்று ஸ்தாயி மேலே போவதற்குள் அரைச்சுரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கிவிடும். ஆஸிலேட்டரைக் குறைசொல்லிப் பழுதுபார்க்க அனுப்பும் முன்பு பஃபர் வைத்த மல்டிபிளைப் போட்டுப் பாருங்கள்.

என்ன வாங்குவது? முதலில் எதுவும் வாங்க வேண்டாம். விசிவி ராக் என்ற மென்பொருள் கணினியில் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன கமக வித்தை முழுவதையும் அதிலேயே செய்து பார்த்துவிடலாம். அதில் அலுப்புத் தட்டாதவர்கள், தனியாகவே இசைக்கக்கூடிய செமி மாடுலர் ஒன்றுக்குப் போகலாம். மூகின் மதர் 32, மேக் நாய்ஸின் ஜீரோ கோஸ்ட் போன்றவை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு கூரியர், சுங்கவரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து தலைசுற்ற வைக்கும். எனவே ஒன்றை வாங்கி நன்றாகப் பழகுங்கள். 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் மாடுலரை நிறுவினார். கீதா சாராபாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா, ஐ.எஸ். மாத்தூர் என்று பலரும் அதில் இசையமைத்தார்கள். அந்த நாடாக்கள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. நம்முடைய வாங்கும் பட்டியலின் நீளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொகுப்பு நினைவுக்கு வரும்.

தாளத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீக்வென்சரின் கடைசிப் படியை 7இல் வைத்தால் மிஸ்ர சாபு, 5இல் வைத்தால் கண்ட சாபு. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் 35ஆவது படி முடிந்ததும் மறுபடி சமத்தில் சேரும். வேறு வேறு கருவிகளை இணைக்கும்போது ஒன்று இரட்டிப்பு வேகத்தில் ஓடினால் பதற வேண்டாம். ஒரு அடிக்கு மிடி 24 துடிப்பு அனுப்புகிறது, கோர்க் வோல்கா 2 அனுப்புகிறது, மாடுலரில் 4 என்பது பரவலான வழக்கம். கிளாக் டிவைடர் ஒன்று இருந்தால் தீர்ந்தது.

மின்சாரத்தில்தான் நிஜமான பணம் கருகும். மாட்யூலின் ரிப்பன் கேபிளில் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். திருப்பிச் செருகினால் எல்லா மாட்யூலும் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒரு ஆம்பியர் தரும் சப்ளையில் 700, 750 மில்லியாம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். மடிக்கணினியை இணைத்ததும் இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் தரை இணைப்பு வளையம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பெட்டி அதை வெட்டிவிடும். நம் ஊர் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் மந்தர ஸ்தாயிக்கும் கீழே வரும் பஞ்சமம் 49. ஆக, நம் மின்வாரியம் நாள் முழுக்கக் கொஞ்சம் ஏறிய பஞ்சமம் ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது! கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓட்டினால், பழைய சதுர அலை இன்வெர்ட்டர் அதன் மேற்சுரங்களையும் சேர்த்துக் கொடுக்கும்.

அனலாக் ஆஸிலேட்டர் வெப்பத்துக்கு நகரும். ஏசியைப் போட்டு, கருவியையும் போட்டு, அரைமணி நேரம் கழித்துச் சுருதி சேருங்கள். அதன்பின் ஏசியை அணைக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் துளைகளுக்குள் காற்றின் உப்பு ஏறும். மூடி வையுங்கள், சிலிகா ஜெல் போடுங்கள்.

கேபிளைப் பிடுங்கினால் பேட்ச், அதாவது அந்த இணைப்பு அமைப்பு, போய்விடும் என்பதால் எல்லோரும் ஒலியைப் பதிவுசெய்கிறார்கள். நான் இப்போது கமகத்தையும் தனியே பதிவுசெய்கிறேன். எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் இஎஸ் 8 போல நேர்மின்னழுத்தத்தைக் கடத்தும் இடைமுகம் இருந்தால், குமிழைக் கையால் திருகிய அந்த வோல்ட்டையே ஒரு டிராக்கில் பிடித்து, நாளைக்கு வேறொரு ஆஸிலேட்டருக்கு அனுப்பலாம். திரும்பி வரும்போது அளவு மாறியிருக்க வாய்ப்புண்டு. டிராக்கின் தொடக்கத்தில் சரியாக ஒரு வோல்ட்டைச் சில நொடிகள் பதிவுசெய்து வையுங்கள். திருப்பி ஓட்டும்போது அந்த இடத்தில் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும்வரை அளவைத் திருத்திக்கொண்டு, பிறகு மற்றதை ஓடவிடுங்கள்.