வீட்டு ஒலிப்பதிவும் முன்பெருக்கியும்



வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றோடு கிற்றாரும் பேஸ் கிற்றாரும் இன்று நம் பிள்ளைகள் விரும்பிப் பயிலும் வாத்தியங்களாகிவிட்டன. தம் வாசிப்பை வீட்டிலேயே பதிவு செய்யவும் அவர்கள் விழைகின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடலாகாது. ஏ. ஆர். ரகுமான் 1989 இல் சென்னையில் தம் வீட்டோடு சேர்த்து ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992 இல் வெளிவந்த ‘ரோஜா’ படப் பாடல்கள் அங்கிருந்தே பிறந்தன.

வோபர்னில் மார்க்கம் வீதியோரத்து அடுக்குமாடி வீடொன்றில் நாமும் ஒருமுறை பதிவு செய்ய முயன்றோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மம்மா ஒருவர் தாலாட்டுப் பாட, பேரன் மின்கிற்றார் வாசித்தான். கேட்டுப் பார்த்தபோது பாட்டைவிட இரைச்சலே ஓங்கி நின்றது. அம்மம்மா ஊர் திரும்ப ஒரு வாரமே இருந்தது. விலையுயர்ந்த முன்பெருக்கியொன்றை உடனே வாங்கிவிடத் தந்தையார் புறப்பட்டார். சற்றுப் பொறுத்துக் குற்றம் எங்கே என்று ஆராய்ந்தோம். அவ்வாராய்ச்சியே இப்பாடம்.

முன்பெருக்கியின் தொழில்

ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் ஓரிரு பங்கே இருக்கும். அதனைப் பதிவுக் கருவி ஏற்கத்தக்க அளவுக்கு உயர்த்துவதே ‘பிரீஆம்ப்’ எனப்படும் முன்பெருக்கியின் தொழில். 60 டெசிபெல் பெருக்கம் என்றால் மின்னழுத்தம் ஆயிரம் மடங்காகும். பாட்டோடு அறையின் இரைச்சலும் அவ்வாறே பெருகும். எம் ஒலிவாங்கி அம்மம்மாவிலிருந்து ஆறடி தள்ளி நின்றது; குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் பாட்டோடு பெருகியது. இது முதற் குற்றம்.

வாத்தியத்திற்கு ஏற்ற வாயில்

மின்கிற்றாரிலும் பேஸ் கிற்றாரிலும் தந்திகளின் அதிர்வை மின்னாக மாற்றுவது ‘பிக்கப்’ என்னும் கம்பிச்சுருள். ஒலிவாங்கிக்குரிய வாயிலின் மின்தடை பெரும்பாலும் சில ஆயிரம் ஓம் மட்டுமே. பிக்கப்பை அதில் இணைத்தால் ஒலி வலுவிழந்து மங்கும். வாத்தியத்திற்கென அமைந்த வாயிலிலோ ஏறத்தாழ பத்து இலட்சம் ஓம் இருக்கும். அங்கே தந்தியின் மெல்லிய மேலொலிகளும் தப்பிப் பிழைக்கும். அத்தகைய வாயில் இல்லையெனில் ‘டி.ஐ. பெட்டி’ ஒன்றை இடையில் வைக்கலாம். எம் பேரன் தவறான வாயிலில் செருகியிருந்தான். இது இரண்டாம் குற்றம்.

மின்சாரமில்லாக் கிற்றாருக்கு ஒலிவாங்கி வேண்டும். அதனைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு எதிரே ஓரடி தள்ளி வைத்துத் தொடங்குக. கொண்டென்சர் வகைக்கு முன்பெருக்கி 48 வோல்ற் வழங்க வேண்டும். டைனமிக் வகைக்கு அது வேண்டியதில்லை. ஆனால் பெருக்கம் கூடுதலாக வேண்டும்.

பேஸ் கிற்றாரின் தனிச்சிக்கல்

கனடாவின் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 60 முறை அலைகின்றது. இலங்கையில் 50 முறை. பேஸ் கிற்றாரின் நான்கு தந்திகளும் முறையே ஏறத்தாழ 41, 55, 73, 98 முறை அதிர்கின்றன. ஆகவே மின்சாரத்தின் ரீங்காரம் தந்திகளின் நடுவிலேயே வந்து அமர்ந்துகொள்கிறது. அதனைப் பின்னர் வெட்டினால் அயலிலுள்ள சுரமும் மெலியும். மின்கம்பிகளுக்கும் கணினித் திரைக்கும் விலகியிருந்து, ரீங்காரம் குறையும் திசைக்கு வாத்தியத்தைத் திருப்பி வாசித்தலே நன்று.

தெரிவு செய்யும் முறை

ஒரே வேளையில் எத்தனை ஒலிகள் பதிவாக வேண்டும் என்று முதலில் எண்ணுக. ஒரு குரலுக்கும் ஒரு கிற்றாருக்கும் இரண்டு வாயில் போதும். கணினியோடு இணையும் ‘இன்ரர்பேஸ்’ பெட்டியுள்ளேயே முன்பெருக்கிகள் உண்டு. தொடக்கத்தில் தனியே வாங்கத் தேவையில்லை. கடைக்குச் செல்லும்போது சொந்த வாத்தியத்தையே கொண்டு செல்லுங்கள். பெருக்கத்தை உயர்த்தி, வாசிக்காமல், காதணிபேசியில் இரைச்சலை மட்டும் கேளுங்கள். பதிவின்போது மிக உரத்த இடமும் உச்ச எல்லைக்குப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்கட்டும்.

நாம் புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஒலிவாங்கியை ஒரு சாண் தூரத்திற்குக் கொணர்ந்தோம். கிற்றாரை உரிய வாயிலில் செருகினோம். அம்மம்மா புறப்படுவதற்கு இரு நாள் முன்னர் தாலாட்டு தெளிவாகப் பதிவாயிற்று. பேஸ் கிற்றாரை அடுத்த மாதம் பேத்தி வாசித்துச் சேர்த்தாள். மீண்டும் கிட்டாததை முதலிற் பதிவு செய்க. ஏனையவற்றைப் பின்னர் சேர்க்கலாம்.

பயிற்சி

1. 60 டெசிபெல் பெருக்கம் எத்தனை மடங்கு?
2. மின்கிற்றாரை ஒலிவாங்கியின் வாயிலில் செருகினால் யாது நிகழும்?
3. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரின் பாட்டைப் பதிவு செய்து, அதன் சொற்களைத் தமிழில் எழுதி வருக.