ஒரு பக்கம் 'டக்', மறுபக்கம் கொஞ்சம் கழித்து

கேள்வி: திருப்பூர் பக்கம் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். இரண்டு வருடத்துக்கு முன்னால் 4 டன் டூ போஸ்ட் லிஃப்ட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கொஞ்ச நாளாக வண்டியை ஏற்றும்போது வலது தூணில் லாக் 'டக்' என்று விழுகிறது. இடது தூணில் சற்றுக் கழித்துத்தான் விழுகிறது. "அது அப்படித்தாண்ணே, ஏறுதுல்ல" என்கிறார்கள் பையன்கள். ஹைட்ராலிக் ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர். லிஃப்டை நிறுத்த வேண்டுமா? எதை நானே பார்க்கலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்?

— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: நிறுத்துங்கள். பவர் பேக்குக்குப் போகும் மெயினை அணைத்து, பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 'ஏறுதுல்ல' என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. வண்டியை ஏற்றுவது ஆயில். ஏற்றிய வண்டியைத் தாங்கி நிற்க வேண்டியது லாக். அடியில் ஆள் போவதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு பக்கமும் லாக்கின் மேல் உட்கார வைப்பது அதனால்தான். உங்கள் லிஃப்டில் குறை சொல்வது அந்த லாக்.

ஆயில் மாற்றுவதால் இது சரியாகாது. இந்த வகை லிஃப்டில் பெரும்பாலும் தூணுக்கு ஒரு சிலிண்டர், இரண்டுக்கும் ஒரே பவர் பேக். ஆயில் எப்போதும் பளு குறைந்த பக்கம்தான் முதலில் ஓடும். அப்படியே விட்டால் ஒரு பக்கம் முந்தி ஏறி வண்டி சாய்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இரண்டு கேரியேஜையும் குறுக்காக இணைத்து ஸ்டீல் ரோப் ஓடுகிறது. ஒன்று ஓர் அங்குலம் ஏறினால் மற்றதையும் அது இழுத்து ஏற்றும். ரோப் தளர்ந்தால் ஒரு பக்கம் பிந்தும், லாக் சத்தமும் பிந்தும். ஏறும்போது இதனால் பெரிய ஆபத்தில்லை. இறக்கும்போதுதான் வினை: ஒரு பக்கம் லாக் விடுபட்டு இறங்க, மறுபக்கம் லாக்கிலேயே தொங்கினால், வண்டி கையை விட்டுச் சரியும்.

ஆனால் ரோப்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஒரு டேப் போதும். வண்டி இல்லாமல், சோதனைக்காக மட்டும், கைகளை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, லாக்கில் உட்கார வைக்காமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு தூணிலும் பேஸ் பிளேட்டிலிருந்து கேரியேஜின் அடிவரை அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், நம் ஒர்க்‌ஷாப் தரைகள் எந்த லட்சணத்தில் மட்டமாக இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். இரண்டு அளவும் வேறுபட்டால் ரோப் தளர்ந்திருக்கிறது. அளவு ஒன்றாக இருந்தும் சத்தம் மட்டும் பிந்தினால், சந்தேகம் இடது லாக்கின் மேல் திரும்ப வேண்டும்: ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், பழைய கிரீஸும் தூசியும் இறுகியிருக்கலாம், அல்லது லீவரிலிருந்து அந்தத் தூணுக்குப் போகும் ரிலீஸ் வயர் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்து லாக்கின் நாக்கை முழுதாக விழ விடாமல் பிடித்திருக்கலாம். கவரைக் கழற்றி டார்ச் அடியுங்கள். நாக்கு படியில் முழு அகலத்துக்கும் உட்கார வேண்டும். விளிம்பு மழுங்கிப் பளபளத்தால் அது பாதிதான் பிடித்துவந்திருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும். சீக்கிரம் இறக்க வசதியாக லாக்கைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்களும் உண்டு. செகண்ட் ஹேண்ட் லிஃப்ட் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

ரோப்பாக இருந்தால், மெயினை அணைத்தபின் ஒரு பனியன் துணியை அதன்மேல் சுற்றி, எட்டும் நீளம் முழுக்க மெதுவாக இழுங்கள். அறுந்த கம்பி இருந்தால் துணியில் சிக்கும். வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும். கம்பி அறுந்திருந்தாலோ, ஓரிடத்தில் நசுங்கியோ மெலிந்தோ இருந்தாலோ, இறுக்கிப் பயனில்லை. புதுசு போட வேண்டும். அதோடு புல்லியையும் பாருங்கள். பள்ளம் தேய்ந்த புல்லியில் புது ரோப் போட்டால் சீக்கிரமே அதையும் அது தின்றுவிடும். ரோப் நன்றாக இருந்து தளர்வு மட்டும்தான் என்றால், இரண்டு பக்கமும் ஒரே படியில் லாக்கில் உட்கார வைத்து, வண்டி ஏதும் இல்லாமல், மேனுவல் சொல்லும் அளவுக்கு இரண்டு ரோப்பையும் சமமாக இறுக்குங்கள். நட்டுக்கு மேற்கொண்டு மரை மிச்சமில்லை என்றால் அந்த ரோப் தன் வேலையை முடித்துவிட்டது.

லிஃப்ட் மறுபடி வேலைக்கு வந்த பிறகும், தினமும் காலையில் முதல் வண்டிக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காலியாக ஏற்றி இரு பக்கச் சத்தத்தையும் கேளுங்கள். தரையை விட்டு ஏறியதும் நான்கு கைகளையும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கையின் அடியில் உள்ள பல் பிடித்திருந்தால் அசையாது. பேடில் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கிழிந்த ரப்பருக்குப் பதில் கட்டையை வைக்கும் வழக்கத்தை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஹோஸ் கசிவு, தரையில் ஆயில் துளி, பேஸ் பிளேட்டைச் சுற்றிப் புது விரிசல், இவை நடந்து போகும்போதே கண்ணில் பட வேண்டியவை.

ஆங்கர் போல்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். டார்க் ரென்ச் போட்டு மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கும்போது போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே கான்கிரீட் பிடி விட்டுவிட்டது. அந்த ஓட்டையிலேயே சிமென்ட் பால் ஊற்றி மறுபடி போல்ட் அடிப்பது வேலைக்கு ஆகாது. டைல்ஸ் மேலேயே தூணை நிறுத்தியிருந்தால் எத்தனை இறுக்கினாலும் நம்ப முடியாது. கான்கிரீட் எவ்வளவு கனம், எவ்வளவு பலம் என்பதை லிஃப்ட் தயாரித்தவர்தான் சொல்ல முடியும். பிராண்டும் மாடலும் எழுதிய தகடு தூணில் இருக்கிறதா பாருங்கள். தகடும் இல்லை, மேனுவலும் இல்லை என்றால் '4 டன்' என்பது விற்றவர் சொன்ன வாய்வார்த்தை மட்டும்தான்.

அந்த 4 டன்னும் பொதுவாக நான்கு கைக்கும் சேர்த்துத்தான். ஒரு கைக்கு 1 டன். எஞ்சினை இறக்கினால் பளு பின்பக்கம் போகும், அப்போது பின்னால் ஸ்டாண்டு கொடுக்காமல் விடாதீர்கள். ஏற மறுக்கும் வண்டிக்காக ரிலீஃப் வால்வைத் திருகுபவரை லிஃப்ட் பக்கமே விடக்கூடாது.

வெளியாளைக் கூப்பிட வேண்டியது வெல்டிங்குக்கும் பின்னுக்கும் தேய்மான அளவுகளுக்கும். கை கேரியேஜோடு சேரும் இடத்தில் வரும் மயிரிழை விரிசல் பெயின்டுக்கும் கிரீஸுக்கும் அடியில் ஒளிந்திருக்கும். சுத்தம் செய்து சிவப்பு டை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். அந்தக் கோடு நிஜ விரிசலா, வெறும் கீறலா என்று சொல்லப் பழகிய கண் வேண்டும். அமெரிக்காவில் வாகன லிஃப்டுகளுக்கான ஏ.எல்.ஐ. அமைப்பின் தரவிதி வருடத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்கிறது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் தூக்கும் இயந்திரங்களுக்கும் சங்கிலி, கயிறுகளுக்கும் 12 மாதம் என்றுதான் வைத்தது. மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது அந்தச் சட்டம். 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 ஆக்கியது. ஐந்து பேர் உள்ள உங்கள் இடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை, நீங்களாகத்தான் கூப்பிட வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் அங்கீகரித்த தகுதியாளர்களில் வாகன லிஃப்ட் பார்த்துப் பழகியவரைக் கேளுங்கள். கிரேன் மட்டும் பார்ப்பவருக்கு இந்த லாக் பிடிபட நேரமாகும். அவர் எழுதித் தரும் தாளோடு, நீங்கள் இப்போது டேப்பில் எடுத்த இரண்டு அளவுகளையும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அளக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.