ஸ்பீக்கர் பெட்டிக்குச் சட்டை போடலாம் வாங்க!

(இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை)



ஆம்ப்ளிஃபயர் போர்டு இணைப்பது நம் துறையில் பலருக்கும் கைவந்த கலை. ஆனால் பெட்டி என்று வந்துவிட்டால், "மேலே ஒரு ரெக்சினை ஒட்டிட்டா போதும்" என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சென்ற ஆண்டு 8 அங்குல உஃபருக்கு 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்தேன். ரம்பம் கோணலாக ஓடியதில் பின்மூலையில் இடுக்கு விழுந்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று அதன்மேலேயே ரெக்சினை ஒட்டினேன். அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்த ரெக்சின் அது. அத்தை மகள் சடங்கு வீட்டில் பாட்டுப் போட்டால், தவில் அடி விழும்போதெல்லாம் பெட்டி 'புர்ர்' என்றது. இடுக்கில் வந்த காற்று ரெக்சினைப் படபடக்க வைத்தது. "பெட்டிக்குள்ள வண்டு இருக்குது" என்று சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போனதில்லை. மூலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வெடிப்ப அடைக்காம மேல பூசினா மழைக்குத் தெரிஞ்சு போயிரும்டா. இதுக்குச் சத்தம்தான் மழை" என்றார். ரெக்சின் முழுவதையும் உரித்தேன். அதன்பின் கற்றதைக் கீழே தருகிறேன்.

1. முதலில் கசிவை அடையுங்கள்

பெவிகாலில் மரத்தூளைக் குழைத்து உள்மூலைகளில் அடைத்து, ஓர் இரவு காய விடுங்கள். பிறகு உஃபரை மாட்டுங்கள். காற்றுத் துளை இல்லாத பெட்டியானால், கோனை நான்கு விரலால் சீராக, மெதுவாக அழுத்தி விடுங்கள். தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது. சோதித்ததும் உஃபரைக் கழற்றி மூடி வையுங்கள். இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டி காயில் இடைவெளிக்குள் புகுந்தால், ஒலி கரகரக்கும்.

2. ரெக்சின் ஒட்டுதல்

செருப்புக் கடையில் பயன்படுத்தும் ரப்பர் பசையே ஏற்றது. பலகை, ரெக்சின் இரண்டிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை (சுமார் 10 முதல் 15 நிமிடம்) காத்திருந்து அழுத்துங்கள். அதன் ஆவி தீப்பற்றும். எனவே திறந்த வெளியில், அடுப்புக்கு எட்ட இருந்து செய்யவும். இணைப்பு பெட்டியின் அடியில் வரட்டும். இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரும்பு ஸ்கேல் பிடித்து, பிளேடால் இரண்டையும் ஒரே கோட்டில் வெட்டுங்கள். துண்டுகளை எடுத்துவிட்டு அழுத்தினால் இணைப்பே தெரியாது.

3. சொரசொரப்புப் பூச்சு

எம்.டி.எஃப். பலகையின் வெட்டு விளிம்பு பெயிண்டைக் குடித்துவிடும். பெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து விளிம்பில் பூசி, காய்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள். பின் பிரைமர். அதன்மேல் கெட்டியான பெயிண்டை ஸ்பாஞ்ச் ரோலரால் உருட்டினால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி எழும். இதிலும் அப்பா யோசனை உண்டு: "ஒரு பக்கத்த ஒரே மூச்சுல முடிச்சிரணும். பாதியில நிறுத்தினா ஒட்டு தெரியும்."

முக்கியமான விஷயம்: உஃபரின் சட்டம் உட்காரும் வட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே சொரசொரப்பு ஏறினால் சட்டம் சரியாகப் பதியாமல் மறுபடியும் காற்று கசியும். இப்பூச்சு சின்னக் கீறலை மறைக்கும். இடுக்கை மறைக்காது.

4. முன்பக்கத் துணி

துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். நெருக்கமாக நெய்த துணி ட்வீட்டரின் மெல்லிய ஒலியைக் குறைத்துவிடும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கோன் அசையும்போது அதில் படாதபடி இடைவெளி விடுங்கள்.

இரண்டாம் முறை முடித்த பெட்டியில் அதே தவில் பாட்டைப் போட்டேன். அப்பா எழுந்து வந்து பின்மூலையில் உள்ளங்கையை வைத்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. "இப்ப வரல" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்த எனக்கு, அதுவே செய்முறைத் தேர்வில் கிடைத்த முழு மதிப்பெண்.

நீங்களும் செய்து பாருங்கள்.