வாசலுக்கு என்ன தளம் போடலாம்?

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே பேச்சு, வண்டிப் பாதைக்கு என்ன தளம் போடுவது என்பதுதான். தெருவில் இருந்து வீட்டுப் பக்கச் சுவர் வரை 10 அடி அகலம், 30 அடி நீளம். அப்பா குட்டி யானை வண்டி ஓட்டுகிறார். மழை பெய்தால் நம்ம ஊர் கரிசல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சக்கரம் புதைந்தால் அன்றைய வாடகை போச்சு. அப்பத்தா கம்பு ஊன்றி நடக்கிறவங்க, அவங்களுக்கும் வழுக்கக் கூடாது. இதற்காக நான் கொத்தனார் மாமாவிடமும் சயின்ஸ் மிஸ்ஸிடமும் கேட்டதை எழுதுகிறேன்.

எல்லோரும் மேலே என்ன போடுவது என்றுதான் யோசிக்கிறோம். ஆனால் கொத்தனார் மாமா வந்ததும் மண்ணைக் கையில் எடுத்துத்தான் பார்த்தார். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கோடையில் நம்ம காட்டில் கை நுழையும் அளவு வெடிப்பு பார்த்திருப்பீர்கள். அந்த மண் மேல் நேரா கான்கிரீட் போட்டால் மண்ணோடு சேர்ந்து அதுவும் வெடிக்கும். அதனால் ஒரு அடி ஆழம் கரிசலை வெட்டி எடுத்துட்டு, கிராவல் மண் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்கணும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடியில் பொதபொதன்னு இருக்கும். பிறகு சக்கரம் போகிற இடம் மட்டும் பள்ளமாகும்.

இனி மேல் தளம். அம்மாவுக்கு பேவர் பிளாக் கல் பிடிக்கும். சிவப்பும் சாம்பலும் கலந்து பார்க்க அழகா இருக்கும், அடியில் குழாய் உடைந்தால் கல்லைப் பெயர்த்து சரி செய்து திரும்பப் பதிக்கலாம். ஆள் நடக்க, கார் போக 60 மில்லிமீட்டர் கனம் போதுமாம். பாரம் ஏற்றிய வண்டிக்கு 80 வேண்டும். ஓரத்தில் கட்டு கட்டாமல் விட்டால் கல் வரிசை வெளியே நகர்ந்துரும். இன்னொன்று, இடுக்கில் புல் முளைக்கும், எறும்பு மணலை அள்ளும். கோலம் போட்டால் இழை இடுக்கில் விழுந்து கோணும். இதைச் சொன்னதும் அம்மாவே யோசிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

கடப்பா கல்லைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். நனைந்தால் வழுக்கும், கறுப்பு நிறம் என்பதால் வெயிலில் கால் வைக்க முடியாது. அப்பத்தா இருக்கிற வீட்டுக்கு ஆகாது.

அப்பா சொல்வது முழுவதும் சிமெண்டு தளம். நான் கணக்கு போட்டேன். லோடு வண்டிக்கு 5 அங்குல கனம் என்றால் 300 சதுர அடிக்கு 125 கன அடி கான்கிரீட். 1:2:4 கலவையில் (ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு மணல், நான்கு ஜல்லி) சுமார் 22 மூட்டை சிமெண்டு வேண்டும். அதற்குப் பதில் சக்கரம் போகிற இடத்தில் மட்டும் 2 அடி அகலத்தில் இரண்டு பட்டை போட்டால் 120 சதுர அடிதான். 9 மூட்டையில் முடியும்! நடுவிலும் ஓரத்திலும் கிராவலை இடித்து விடலாம். வண்டியின் டயருக்கு டயர் அளந்து பட்டையின் இடத்தைக் குறிக்கணும். ஒரே நீளமாகப் போடாமல் 5 அடிக்கு ஒரு வெட்டு விடணும், அப்போதுதான் கண்ட இடத்தில் கீறல் விழாது.

சயின்ஸ் மிஸ் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதுசு. சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லையாம்! தண்ணீரோடு வேதிவினை நடந்துதான் இறுகுகிறது. சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் விட்டால் வினை பாதியில் நின்று தளம் பொரிந்து போகும். குறைந்தது 7 நாள் சாக்கு போட்டு ஈரமாக வைக்கணும். பொறியாளர்கள் அதன் பலத்தை 28ஆம் நாள் சோதித்துப் பார்க்கிறார்களாம். எங்க அப்பா மூன்றாம் நாளே வண்டியை ஏத்திருவார், அதுதான் பயம்.

அடுத்தது தண்ணீர். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் பாதை சுமார் 28 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரு நாள் 5 செ.மீ. பெய்தால் 1400 லிட்டர்! முழுக்க சிமெண்டு போட்டால் அவ்வளவும் எங்காவது ஓடணும். தெருவுக்கு விடலாம் என்றால், புது ரோடு போட்டதில் தெரு எங்கள் வாசலை விட அரை அடி உசரம். தண்ணீர் திரும்பி வீட்டுக்குள்தான் வரும். சுவர் ஓரம் தேங்கினாலும் கரிசல் உப்பி அஸ்திவாரத்தை அசைக்கும். ஆகவே 10 அடிக்கு 2 அங்குலம் வீதம் சுவரில் இருந்து வேலிப் பக்கம் சரிவு வைத்து, முருங்கை மரத்தைத் தாண்டி ஒரு குழி வெட்டி ஜல்லி நிரப்பினால் அங்கே இறங்கும். 2003ல் இருந்து நம் மாநிலத்தில் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆக, இந்தக் குழி எப்படியும் வெட்ட வேண்டியதுதான்.

பட்டை போட்டால் கிராவலை வருஷா வருஷம் நிரவணும், அது நிஜம். அப்பத்தா நடக்க ஒரு பட்டையை வாசல்படி வரை நீட்டி, மேலே விளக்குமாறால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக விட்டால் போதும் என்றார் கொத்தனார் மாமா. கோலத்துக்கு வாசல்படி முன்னால் 4 அடிக்கு 4 அடி சதுரம் வேணும்னு அம்மா கேட்கிறாங்க. அதற்கு ஒரு மூட்டைக்கு மேல் ஆகும்.

அப்பா இன்னும் முடிவு சொல்லலை. "22 எங்கே, 9 எங்கே" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். வெள்ளிக்கிழமை கொத்தனார் மாமா வருகிறார். கணக்கு எழுதிய தாளை காலண்டர் ஆணியில் மாட்டி வெச்சிருக்கேன்.