தானியக் கிடங்கின் மச்சுத்தளத்திற்கு ரப்பர் விரிப்பு

மழைக்காலத்தில் கிடங்கின் தட்டையான மச்சுத்தளம் ஒழுகுமாயின், முதலில் கெடுவது விதைநெல்லேயாகும். தளத்தின்மீது ஒட்டப்படும் ரப்பர் விரிப்பு இதனைத் தடுக்கவல்லது. மரத்துப்பாலினால் செய்த ரப்பர் வெயிலில் வெடித்துவிடுமாதலின், ‘ஈ.பி.டி.எம்.’ என்னும் செயற்கை ரப்பரையே வாங்குதல் நலம்.

ஆயினும் விரிப்பு மாத்திரம் போதாது. தளம் நன்கு உலர்ந்திருத்தலும், 10 அடிக்கு 2½ அங்குலம் வீதம் தூம்பை நோக்கிச் சரிந்திருத்தலும் அவசியம். ஒழுக்கு பெரும்பாலும் விரிப்பின் நடுவிலன்று, இணைப்புகளிலும் ஓரங்களிலுமே உண்டாகும். ஆகையால் விரிப்பைக் கைப்பிடிச் சுவரின்மேல் 8 அங்குலம் ஏற்றி ஒட்டி, அதன் மேல்விளிம்பை உலோகப் பட்டையால் இறுக்குக.

விரிப்பின்மீது டீசலோ எண்ணெயோ சிந்தலாகாது. சிந்தினால் ரப்பர் உப்பிக் கெடும். கதிரடித்தலும் கூடாது. மழைக்கு முன்னரே தூம்பிலுள்ள சருகுகளை அகற்றி, இணைப்புகளைச் சோதித்து வருவோர் அடுத்த போகத்து விதையைக் காத்தவராவர்.